குளம்புத் தடத்தில் ஒரு கூடு

சேதராப்பட்டுப் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன் என்றால், "ஊசுடு ஏரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏரி பெரியது. ஒரு பங்கு புதுச்சேரிக்கும் மறுபங்கு தமிழ்நாட்டுக்கும் சொந்தம். பனிக்காலத்தில் வாத்தும் கொக்கும் நாரையுமாக நிறையும். புதுச்சேரி அரசு 2008இல் தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; தமிழ்நாடும் பின்னால் அறிவித்தது. தண்ணீர் இருந்தால் பறவை இருக்கும், மரம் இருந்தால் பறவை இருக்கும் என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த பாடம். ஏரிக்கு வடக்கே, தொழிற்பேட்டையின் மதில்களுக்குப் பின்னால், காய்ந்து கிடக்கும் செம்மண் மேட்டைக் காட்டி அங்கே போகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "அங்க என்னா இருக்குது?"

அங்கே இருப்பது சாம்பல்தலை வானம்பாடி. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, 12 சென்டிமீட்டர் சுமார். பெட்டை மண்நிறம், நின்றால் கண்ணுக்குப் படாது, நடந்தால்தான் படும். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், கன்னம் அழுக்கு வெள்ளை. கண்ணை ஒட்டி ஓடும் கரிய பட்டை கீழே இறங்கி, மார்பு, வயிறு எல்லாம் ஒரே கறுப்பு. பெரும்பாலான பறவைகளுக்கு முதுகு அடர்ந்த நிறம், வயிறு வெளிர் நிறம். இதற்கு நேர்மாறு. தரையோடு குந்தினால் கறுப்பெல்லாம் அடியில் போய்விடும், மண்நிற முதுகு மட்டும் மிஞ்சும். மேலே ஏறினால் கீழே நிற்கிற பெட்டைக்கும் போட்டிக்கு வந்த ஆணுக்கும் அந்தக் கறுப்புதான் முதலில் தெரியும். ஒளிய ஒரு பக்கமும் காட்டிக்கொள்ள ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு பிறந்த உடம்பு.

காட்டிக்கொள்வதை அது அரைகுறையாகச் செய்வதில்லை. ஆண் இறக்கை படபடக்கச் செங்குத்தாக நூறடி அளவுக்கு ஏறும். உச்சியில் இறக்கையை உடம்போடு ஒட்டி மடித்துத் தலைகீழாகப் பாயும். கொஞ்சம் விழுந்ததும் அந்த வேகத்திலேயே வளைந்து மேலே எழும்பும், மறுபடி விழும். இப்படி அலையலையாக இறங்குகிறபோது நீளமாக ஒரு சீழ்க்கை. கடைசியில் ஒரு மண்ணாங்கட்டியின் மேலோ கல்லின் மேலோ வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல இரை பொறுக்கப் போய்விடும். மரமில்லாத வெளியில் குரல் தூரம் போக உயரம் வேண்டும். கிளை தராத உயரத்தை இறக்கையால் உண்டாக்கிக்கொள்கிறது. பாட்டு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய வானம்பாடியின் முடிவில்லாத ராக ஆலாபனையைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கூடும் அப்படித்தான். புல் தூரின் அடியிலோ மண்ணாங்கட்டியின் ஓரத்திலோ ஒரு சிறு குழி. சில நேரம் மாட்டின் குளம்பு பதிந்து காய்ந்த தடமே குழியாகிவிடும். உள்ளே காய்ந்த புல், கொஞ்சம் முடி. விளிம்பு தரைமட்டத்துக்கு மேலே எழும்பாது. சுற்றிலும் பொடிக்கற்களைப் பொறுக்கி வைத்திருக்கும். முட்டை இரண்டு, சில சமயம் மூன்று. வெளிறிய ஓட்டில் பழுப்புப் புள்ளிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி 13, 14 நாள் அடைகாக்கின்றன. முதலில் பொரிந்த குஞ்சு பெரிதாக வளர, பெரும்பாலும் இரண்டுதான் தேறும். ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டை இடக்கூடியது என்றாலும் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரைதான் மும்முரம். அதாவது, இந்தப் பக்கத்துச் சித்திரை வெயில் முழுவதும் அதற்குள் அடக்கம். அந்த வெயிலில் வெட்டவெளி வானம்பாடிகளுக்கு அடைகாத்தல் என்பது பாதிநேரம் முட்டைக்குச் சூடு தருவதாக இருக்காது, நிழல் தருவதாகத்தான் இருக்கும். நம் ஊரில் அடைகாக்கும் கோழியைக் கொட்டகையின் குளிர்ந்த மூலையில் கூடைபோட்டு மூடுகிற வேலையை இது தன் உடம்பாலேயே செய்கிறது.

இந்தப் பறவை அறிவியல் ஏட்டில் ஏறியதும் இந்த வட்டாரத்திலிருந்துதான். பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், லியோனில் 1748இல் பிறந்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தார். 1774 முதல் 1781 வரை கிழக்கே சுற்றியதைப் பெரிய புத்தகமாக 1782இல் பாரிஸில் அச்சிட்டார். அதில் செஞ்சியின் சாம்பல்நிற வானம்பாடி என்று ஒன்றை விவரித்தார். இத்தாலியில் பவியா நகரில் இருந்த இயற்கையியலாளர் ஸ்கோபொலி அந்த விவரிப்பைப் படித்து, பறவையைப் பார்க்காமலே, 1786இல் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார். சாம்பல் என்று பொருள்படும் பெயர். மூன்றாண்டு கழித்து, 1789இல், க்மெலின் என்ற இன்னொரு இயற்கையியலாளர் அதே பறவைக்குச் செஞ்சியின் பெயரையே சூட்டினார். ஆனால் முந்தியவர் பெயரே நிற்கும் என்பது விதி. செஞ்சியின் பெயர் உதிர்ந்து சாம்பல் நின்றது. பறவை முதலில் எடுத்துரைக்கப்பட்ட இடம் என்ற குறிப்பில் மட்டும் செஞ்சி இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே சொன்னராவின் புத்தகத்தை வைத்து லேதம் என்ற பறவையியலாளர் 1790இல் ஒரு மைனாவுக்குச் செஞ்சியின் பெயரை வைத்தார். அது வடஇந்திய ஆற்றங்கரைகளில் வளை தோண்டி வாழும் மைனா. செஞ்சி அதன் ஊரே அல்ல. பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. செஞ்சியில் இல்லாத பறவைக்குச் செஞ்சிப் பெயர். செஞ்சியில் இருக்கும் பறவைக்கு அது கிடைக்கவில்லை. சொன்னராவுக்கு இடம் மாற்றிச் சொல்வது பழக்கந்தான். பெங்குவினை நியூகினியில் கண்டதாக எழுதியவர் அவர். தென்துருவப் பக்கத்துப் பறவை ஒன்று இன்றும் அறிவியல் பெயரில் பப்புவாவைச் சுமந்து திரிகிறது. ஆனால் நம் வானம்பாடி விஷயத்தில் அவர் சொன்னது சரி. செஞ்சியிலிருந்து சேதராப்பட்டு வரை, நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள், காய்ந்த வெளி எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்கிறது. சேதராப்பட்டுக்குக் கொஞ்சம் வடமேற்கே திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களைப் பற்றி 1781இல் முதலில் எழுதியவரும் இதே சொன்னராதான். இந்தச் செம்மண்ணில் அவர் கால் பட்டிருக்கிறது.

கல்மரங்களைக் காட்டி, பார்த்தீர்களா, இங்கே ஒரு காலத்தில் பெருங்காடு இருந்தது, நாம்தான் அழித்துத் தரிசாக்கிவிட்டோம் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவை ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு பழையவை. வேரும் கிளையும் இல்லாத அடிமரங்களாகக் கிடப்பதால், எங்கிருந்தோ வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்பது நிலவியலாளர் கணிப்பு. அவற்றை வைத்து இன்றைய புல்வெளிமேல் வழக்குப் போட முடியாது. ஆனாலும் மரத்தின் பக்கம்தான் நம் மனசாட்சி எப்போதும் சாய்கிறது. மரமில்லாத நிலம் ஏதோ இழந்த நிலம், அழுகிற நிலம்.

இலக்கியமும் இதற்கு உடந்தை. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். இளவயதில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர்; ஷெல்லியின் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று வானம்பாடியைப் பற்றியது. ஷெல்லியின் அடியார் புதுச்சேரியில் இருந்து எழுதியது குயில் பாட்டு. மாஞ்சோலை, நிழல், மறைந்திருந்து கூவும் பறவை. பாரதிதாசன் பத்திரிகை தொடங்கியபோது அதற்கும் பெயர் குயில். தோப்பும் துரவுமாக இருந்த ஊரில் தோப்புப் பறவையைப் பாடியதைக் குற்றம் சொல்வதற்கில்லை. பிறகு 1971இல் கோயம்புத்தூரில் ஓர் இயக்கமும் இதழும் வானம்பாடி என்று பெயர் சூடி வந்தன. அவர்களுக்கு வானம் வேண்டியிருந்தது, தரை அவ்வளவாக அல்ல. பழைய பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே மழைத்துளியை உண்டு வாழும் ஒரு பறவை வருகிறது. உரைகாரர்கள் அதை வானம்பாடி என்கிறார்கள். நம் சாம்பல்தலையோ புல் விதையும் பூச்சியும் தின்கிற, வானத்திலிருந்து எதையும் எதிர்பார்க்காத சீவன்.

தரைக்கு வருவோம். இந்தச் செம்மண் மேட்டின் வரலாற்றை ஒரு வானம்பாடியின் பக்கத்திலிருந்து எழுதினால் மல்லாட்டையிலிருந்துதான், அதாவது வேர்க்கடலையிலிருந்துதான், தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. மானாவாரிப் பயிர், உழுது போட்ட கொல்லை மழைக்குக் காத்துக் கிடக்கும், விளைந்து பிடுங்கியபின் மறுபடி வெறுமையாகக் கிடக்கும். கம்பு, வரகு, கேழ்வரகு அறுத்த தாளிலும் இதே கதை. ஆடும் மாடும் அந்தத் தாளில் மேயும். வெறுமையாகக் கிடக்கும் அந்த மாதங்கள்தான் வானம்பாடிக்குச் சாகுபடி மாதங்கள். உழவனின் கணக்கில் ஓய்வு, அதன் கணக்கில் குடும்பம். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்து சில இடங்களில் கரும்பு ஏறியது. சில இடங்களில் சவுக்கு, தைலமரம், முந்திரி. மரம் தலைக்குமேல் வளர்ந்த நாளோடு அது இடத்தைக் காலி செய்திருக்கும்.

அடுத்தது மனைப்பிரிவு. இங்கே ஒரு சிறு முரண். கொல்லையைத் தட்டிச் சமன்செய்து, கல் நட்டு, வண்ணம் அடித்த மனைப்பிரிவு முதல் ஓரிரு ஆண்டுகள் வானம்பாடிக்கு நன்றாகவே இருக்கும். எல்லைக்கல்லின் உச்சியில் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், மனை வாங்க முதலில் வந்தது யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் தொழில். புதுச்சேரி அரசின் பிப்டிக் நிறுவனம் சேதராப்பட்டில் தொழிற்பேட்டை அமைத்தது. 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்ததும் நாடெங்கும் பிடித்த காய்ச்சல் இங்கேயும் பிடித்தது. சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் எழுநூறு ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். மண்டலம் வரவில்லை. நிலம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. அவ்வப்போது அதற்கு ஒரு புதிய திட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அது ஆறாத புண். விளைகிற மண்ணும் போய், வருகிறேன் என்ற வேலையும் வராமல் நின்றவர்களிடம் போய், உங்கள் நிலம் சும்மா கிடந்ததில் ஒரு குருவிக்கு நல்ல காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சொல்லவும் தேவையில்லை, ஏனென்றால் அது முழு உண்மையும் அல்ல. சும்மா கிடக்கும் நிலம் சும்மா கிடப்பதில்லை. ஆடு மேயாத இடத்தில் புல் இடுப்புக்கு வளரும். புல்லுக்குப் பின்னால் வேலிக்காத்தான் வரும். சீமைக்கருவேல் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. இன்று யாரும் நடாமலே வருகிறது. சில மழைக்காலங்களில் மேடு புதராகும், புதர் காடாகும். அந்த முள்ளுக்குள் தவிட்டுக்குருவி இருக்கும், செம்பகம் இருக்கும், வானம்பாடி இருக்காது. அதற்குத் தன்னைச் சுற்றி நாலாபக்கமும் தெரிய வேண்டும். நடந்து இரை பொறுக்கிற பறவைக்குப் புல் கணுக்காலைத் தாண்டினால் தொல்லை. கீரியும் பாம்பும் வருவதை முன்கூட்டிப் பார்க்க முடியாவிட்டால் தரையில் கட்டிய கூட்டுக்குப் பாதுகாப்பு என்று எதுவுமே இல்லை.

கட்டடம் முளைத்தால் போச்சு, கைவிட்டாலும் போச்சு. மரம் நட்டாலும் அப்படித்தான். சேதராப்பட்டுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் பீடபூமி மழைநீர் அறுத்த ஓடைகளும் அங்கங்கே பனைமரங்களுமாக இருந்ததைப் பழைய படங்களில் பார்க்கலாம். அங்கே வந்தவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தி, இலட்சக்கணக்கில் மரம் வைத்து, இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் இனங்களைத் தேடித் தேடி வளர்த்தார்கள். பெரிய காரியம், மண் அரிப்பு நின்றதே போதும். ஆனால் அதைப் பார்த்து வந்த எல்லோருக்கும் மனதில் தங்கியது ஒரே சூத்திரம்: வெறும் மண் நோய், மரம் மருந்து. ஆரோவிலில் அது ஒரு இடத்தின் தேவைக்குச் செய்த வேலை. சூத்திரமாக ஊர் ஊராகப் போனபோது, எந்த மேட்டையும் பார்க்காமல் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதி குழிவெட்டுகிற சடங்காகிவிட்டது. அந்தத் தேதியில் குழி வெட்டப்படும் மேட்டில் முட்டையோ குஞ்சோ இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மாலையும் கேமராவுமாக வரும் கூட்டத்தின் காலடியில் அது அசையாமல் கிடக்கும். அசையாமல் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

காய்ந்த புல்வெளிக்கும் முட்புதர் வெளிக்கும் அரசின் பதிவேடுகள் வைத்திருக்கும் இடம் பயனற்ற நிலம். மத்திய அரசு செயற்கைக்கோள் படங்களை வைத்து வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் திறந்த புதர்நிலமும் ஒரு வகை. வரி வராத நிலம் வீண் நிலம் என்ற கம்பெனிக் காலக் கணக்கின் வாரிசு அது. ஒருபுறம், 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை, முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்து, புல்வெளி போன்ற திறந்த வெளிகளை நம்பிய பறவைகள் வேகமாகக் குறைந்துவருவதாகச் சொல்கிறது. மறுபுறம், அவற்றின் வீடு நிரப்பப்பட வேண்டிய காலி இடமாக இன்னொரு தொகுப்பில் இருக்கிறது. நம் சாம்பல்தலைக்கு உலக அளவில் இப்போதைக்கு ஆபத்தில்லை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். இலங்கையிலும் பாகிஸ்தானிலும்கூட இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பதறாமல் பேச முடிகிறது. கானமயில் அளவுக்குக் குறைந்தபின் பேசுவதென்றால் அது வேறு தொனி.

பாதுகாக்க வேண்டுமென்றால் வேலிபோட்டு அறிவிப்புப் பலகை வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். ராஜஸ்தானில் பரத்பூர் சதுப்புநிலத்தில் அப்படித்தான் தோன்றியது. தேசியப் பூங்கா ஆக்கியபின் 1982இல் எருமை மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். எதிர்த்த கிராமத்தாரோடு மோதல் மூண்டு, துப்பாக்கிச்சூட்டில் உயிர்களும் போயின. அதற்குப்பின் நடந்ததுதான் பாடம். எருமை தின்னாத புல் தண்ணீரை மூடிப் படர்ந்தது, பறவைகளுக்கு இடம் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டு நடத்திய ஆய்வு, மேய்ச்சல் அந்தச் சதுப்புக்குத் தேவைப்பட்டது என்ற முடிவுக்கே வந்தது. அது நீர்ப்பறவை நிலம். நம்முடையது காய்ந்த மேடு. ஆனால் வாயுள்ள ஒரு சீவன் புல்லைக் கட்டுக்குள் வைத்திருப்பது இரண்டுக்கும் பொது.

தொழிற்பேட்டை மதிலுக்கு வெளியே ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என் பைனாகுலரைப் பார்த்ததும், "என்னா தம்பி, எடம் அளக்க வந்தியா?" என்றார். அந்த மேட்டில் கண்ணில் கருவியோடு வருகிறவர்கள் சர்வேயர்கள்தான். குருவி பார்க்க வந்தேன் ஆயா என்றேன். காட்டினேன். "இதுவா? ஆடு ஓட்டிப் போற வழியெல்லாம் குந்திக்கினு இருக்கும். காலடி கிட்ட வந்தாத்தான் எழுந்திரிக்கும்." எங்கே அதிகம் என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்னார், "ஆடு மேயிற பக்கந்தான். அந்தாண்ட முள்ளுல போயி எது இருக்கும்?" ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவுரைக்கு அதற்குமேல் தேவையில்லை. இதையும் ஊசுடு மாதிரி சரணாலயம் ஆக்கினால் என்ன என்று விளையாட்டாகக் கேட்டேன். அவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. "ஆக்குனா மொதல்ல என் ஆட்டத்தான தொரத்துவாங்க."

துரத்துவார்கள். ஏனென்றால் நம்மிடம் இருக்கும் ஏடுகளில் நிலம் ஒன்று பயன்படுவது, அல்லது காக்கப்படுவது, அல்லது வீணாவது. உழுது விட்டுவிட்டு, மேய்த்து விட்டுவிட்டு, நடந்து பாதை போட்டுப் பாதி பயன்படுத்துகிற நிலத்துக்கு அவற்றில் இடமில்லை. இந்தக் குருவியோ அந்தப் பாதிப் பயன்பாட்டில் மட்டுமே பிழைக்கத் தெரிந்தது. மாட்டின் குளம்பு படாவிட்டால் குளம்புத் தடமும் இல்லை. எல்லைக்கு அந்தப்புறம், வானூர் வட்டம் போன்ற தமிழ்நாட்டுப் பகுதிகளின் வருவாய்ப் பதிவேட்டில், மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வகை உண்டு. ஊர் ஆடுமாடுகளுக்கென்று விட்டுவைத்தது, யார் பெயரிலும் இல்லாதது. பாதிப் பயனை ஒப்புக்கொண்ட ஒரே தலைப்பு அதுதான். ஊருக்கு ஒரு கட்டடம் வேண்டும், சாலை வேண்டும், குப்பை கொட்ட இடம் வேண்டும் என்றால் வகை மாற்றம் செய்ய முதலில் எடுப்பதும் அந்தப் பக்கத்தைத்தான்.